ஆவியாகாத நாற்பதாயிரம் லிட்டர்

தராசம்மா வெந்நீர்க் குளத்தை மௌனமாகச் சுற்றி வந்துகொண்டிருந்தார். அந்த மௌனத்துக்கும் சேர்த்து அவருடைய உதவியாளன் ஓட்டைவாய் பேசிக்கொண்டிருந்தான்.

"மேடம், நம்ம ஆபீஸ்லயும் இப்படி ஒண்ணு கட்டிடலாம். கேஸ் கேஸா அலைஞ்சு எனக்கும் முட்டி வலிக்குது."

"உனக்கு வலிக்க வேண்டியது தாடை."

ஊரில் அவருக்குத் தராசம்மா என்று பெயர் வந்ததற்குக் காரணம் உண்டு. இன்சூரன்ஸ் கம்பெனியில் தீ விபத்து மதிப்பீட்டாளராகத் தலைமுடி நரைக்கும்வரை இருந்தவர். எரிந்த கிடங்குக்குள் சாம்பல் மிதித்து நுழைந்து, எது உண்மையிலேயே எரிந்தது, எது எரிந்ததாக வாயால் சொல்லப்படுகிறது என்று நிறுத்துச் சொல்லிவிடுவார். ஓய்வு பெற்றதும் துப்பறியும் ஆபீஸ் திறந்தார். ஓட்டைவாய்க்கு அந்தப் பெயர் வந்த காரணத்தைச் சொல்லத் தேவையில்லை.

குளம் இருந்த இடம் மூட்டுவலிக்காரர்களுக்கான சிகிச்சை இல்லம். நீராவிக் குழாய் ஓடும் அந்தக் குளத்தில் இளஞ்சூடான நீரில் நோயாளிகள் கை கால் ஆட்டுவார்கள். போன வாரம் ஒரு நாள் விடியும் முன்பே பயில்வான் என்று எல்லோரும் கூப்பிடும் பெரியவர் வழக்கம்போல வந்து, வழக்கம்போலக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, குதிக்கக் கூடாது என்று எழுதி ஒட்டியிருக்கும் சுவரைத் தாண்டிப்போய் வழக்கம்போலக் குதித்தார். குளத்தில் முழங்காலளவு நீர்தான் இருந்தது. அதுவும் தோலை உரிக்கிற சூட்டில் இருந்தது. விழுந்தவர் எழவில்லை.

விசாரித்துவிட்டு நேற்றுதான் பாய்லர்காரனைக் கைது செய்தார்கள். தராசம்மாவைக் கூப்பிட்டவள் அவனுடைய தங்கை. அதே இல்லத்தில் துப்புரவு வேலை. நீலச் சீருடையோடு வாசல் நிலையைப் பிடித்தபடி நின்றிருந்தாள்.

"எங்கண்ணன் தூங்குற ஆளில்ல மேடம். எனக்குப் புருஷன் போனதுலேர்ந்து அண்ணன்தான் எல்லாம். என் பொண்ணுக்கு நாலு வயசு, அது மாமான்னு கேட்டு கேட்டு அழுவுது. நாளைக்குக் கோர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போறாங்களாம். அப்புறம் ஜெயில்தானாம். யார்கிட்ட போய் நிக்கிறதுன்னே தெரியல."

"கவலைப்படாதீங்கக்கா. மேடம் கணக்குப் போட்டா கம்பியே கழண்டு விழும்," என்றான் ஓட்டைவாய்.

தராசம்மா அவனை ஒரு பார்வை பார்த்தார்.

இல்லத்தின் முதலாளி கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டு வந்து சேர்ந்தார். "இதுல துப்புத் துலக்க என்ன மேடம் இருக்கு? நீராவி வால்வைத் திறந்து விட்டுட்டுத் தூங்கிட்டான். ராத்திரி பூரா கொதிச்சிருக்கு. நெஞ்சளவு இருந்த தண்ணி முழங்காலுக்கு வந்துடுச்சு. அறுபதாயிரம் லிட்டர் குளம். நாப்பதாயிரம் லிட்டர் ஆவியாப் போச்சு."

"எங்க போச்சு?"

"ஆவியா... மேல போச்சு."

"யாராவது பார்த்தாங்களா?"

"ஆவியை யாரு மேடம் பார்ப்பாங்க?"

"சரியான கேள்வி," என்றான் ஓட்டைவாய். "பார்த்திருந்தா அவங்களும் இப்ப ஆவியா இருப்பாங்க."

தராசம்மா குனிந்து, நீர் இறங்கியிருந்த சுவரில் பதித்த ஓட்டில் விரலைத் தேய்த்து, விரலைப் பார்த்தார். "ரொம்ப சுத்தமா இருக்கே."

"என் வேலை மேடம் அது," என்றாள் தங்கை. அழுத முகத்திலும் கொஞ்சம் பெருமை வந்தது. "பூசிக்கிட்டு வர்ற களிம்பெல்லாம் சுவர்ல அப்பிக்கும். வாரா வாரம் தேய்ச்சுடுவேன்."

தராசம்மா விரலைக் கைக்குட்டையில் துடைத்தார். வேண்டியதற்கு மேல் சற்று நேரம் துடைத்தார். பிறகு கேட்டார்: "இங்க டீ போட அடுப்பு இருக்கா? ஒரு டம்ளர் தண்ணி வேணும். ஒரு சின்னப் பாத்திரம்."

ஊழியர்கள் டீ போடும் மூலையில் தங்கைதான் அடுப்பைப் பற்றவைத்தாள். ஒரு டம்ளர் நீர் பாத்திரத்தில் இறங்கியது. ஓட்டைவாய் டீத்தூள் டப்பாவைத் தேடி எடுத்துக்கொண்டு ஓடி வந்தான். டப்பாவைப் பிடுங்கித் தள்ளி வைத்தார் தராசம்மா.

மூன்று நிமிடத்தில் நீர் தளதளவென்று கொதித்தது.

"கொதிச்சாச்சு. வாட்ச்சைப் பாரு. தீயைக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. இது சுத்தமா வத்துற வரைக்கும் நிப்போம்."

நின்றார்கள். ஐந்து நிமிடம் ஆனது. பாத்திரத்தில் பெரிய மாற்றம் எதுவும் இல்லை. பத்து நிமிடம் ஆனது. முதலாளி ஒரு போன் பேசி முடித்துவிட்டு வந்து எட்டிப் பார்த்தார். நீர் இன்னும் பாதிக்கு மேல் இருந்தது.

"மேடம், கொதிக்கிறப்ப வேகமா இருந்துச்சு. இப்ப என்ன கவர்மெண்ட் ஆபீஸ் மாதிரி ஆயிடுச்சு?" என்றான் ஓட்டைவாய். "இந்தத் தண்ணி நமக்கே தண்ணி காட்டுது."

"அதான் தண்ணியோட குணம். சூடேறச் சொன்னா ஏறிடும். கொதிக்கிற தண்ணியை ஆவியாப் போகச் சொல்லிப் பாரு, லேசுல போகாது. வீட்டை விட்டு வெளியேத்துற மாதிரி ஒவ்வொரு துளிக்கும் தனியா கூலி கேக்கும்."

கடைசித் துளி சீறி மறைந்தபோது ஓட்டைவாய் வாட்ச்சைப் பார்த்து வாயைப் பிளந்தான். கொதிக்க மூன்று நிமிடம். வற்ற இருபத்திரண்டு நிமிடம்.

"ஏழு பங்குக்கு மேல," என்றார் தராசம்மா. "டம்ளருக்கு என்ன கதையோ, குளத்துக்கும் அதே கதை. இப்ப விறகுக் கொட்டகையைப் பார்ப்போம்."

அடுப்பை அணைத்து, தராசம்மா பாத்திரத்தைச் சாய்த்துப் பார்த்தார். உள்பக்கத்தில் வளையம் வளையமாக வெள்ளைக் கறை படிந்திருந்தது. பாத்திரத்தைத் தங்கையிடம் நீட்டினார். அவள் கழுவி வைத்தாள்.

கொட்டகையில் விறகு கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஒரு மூலை மட்டும் கொஞ்சம் சரிந்திருந்தது.

"லாரி எப்ப வந்துச்சு?"

"செத்ததுக்கு முந்தின நாள்தான்," என்றார் முதலாளி. "ஒரு லோடு. பத்து டன். அதுக்கு முன்னாடி கொட்டகை துடைச்ச மாதிரி காலியா இருந்துச்சு."

"அதுக்கப்புறம்?"

"இல்லம் மூடிக் கெடக்கு. யாரு எரிக்கிறது?"

தராசம்மா ஒரு விறகுக் கட்டையை எடுத்துக் கையில் எடை பார்த்தார். பழைய தொழில் கை. "ஓட்டைவாய், மனக்கணக்குப் போடு. நல்லாக் காஞ்ச விறகு, நல்ல பாய்லர். ஒரு கிலோ எரிச்சா மூணு, மிஞ்சிப்போனா மூணரை லிட்டர் தண்ணியை ஆவியாக்கலாம். நாப்பதாயிரம் லிட்டருக்கு?"

அவன் உதடு அசைந்தது. விரல் மடங்கியது. "பன்னண்டாயிரம் கிலோ கிட்ட வருது. பன்னண்டு டன்."

"வந்த லோடு?"

"பத்து டன்." அவன் கூரையைத் தொடும் விறகை அண்ணாந்து பார்த்தான். "மேடம்! லாரி, அதுல வந்த விறகு, டிரைவரோட செருப்பு எல்லாத்தையும் போட்டு எரிச்சாலும் பத்தாதே!"

"இங்க குறைஞ்சிருக்கிறது நானூறு கிலோகூட இருக்காது. அது குளிர்ந்த குளத்தை இளஞ்சூடாக்க ஒரு ராத்திரிக்கு எரிக்கிற வழக்கமான விறகு. அதுவுமில்லாம இந்தச் சின்ன பாய்லரை ராப்பகலா ஓட்டினாலும் நாப்பதாயிரம் லிட்டரை விரட்டப் பத்து நாள் ஆகும். ஒரு ராத்திரியில முடியிற காரியமா?"

முதலாளி நெற்றியைச் சுருக்கினார்.

"இன்னொண்ணும் இருக்கு. அத்தனை ஆவி அந்த அறைக்குள்ள எழும்பியிருந்தா, சுவர்ல கோந்து போட்டு ஒட்டின காகிதம் ஒரு மணி நேரத்துல உரிஞ்சு விழுந்திருக்கும். குதிக்கக் கூடாதுங்கற அறிவிப்பு இன்னும் கல்லு மாதிரி ஒட்டிக்கிட்டிருக்கு. இந்தக் குளம் கொதிக்கவே இல்லை. யாரோ தண்ணியைத் திறந்து விட்டிருக்காங்க."

ஓட்டைவாய் துள்ளினான். "அப்ப பாய்லர்காரர் தூங்கவே இல்லை! வழக்கம்போல எரிச்சிருக்கார். மூணுல ஒரு பங்கு தண்ணிதான் இருந்ததால சூடு மூணு மடங்கு ஏறிடுச்சு. பதிமூணு டிகிரி ஏற வேண்டியது முப்பத்தொம்போது ஏறியிருக்கு. தண்ணியோட பழைய சூடு இருபத்தஞ்சைக் கூட்டினா..."

"அறுபத்து நாலு. அதுல விழுந்தா யாரா இருந்தாலும் தப்பிக்க முடியாது." தராசம்மாவின் குரலில் மகிழ்ச்சி இல்லை. அதை ஓட்டைவாய் அப்போது கவனிக்கவில்லை. தப்பு அவன்மேல் இல்லை, அவன் வாய் ஓடும்போது காது தூங்கிவிடும்.

கொட்டகை வாசலில் நின்ற தங்கைக்குக் கணக்கு பிடிபடவில்லை. பிடிபட்டது ஒன்றுதான். "எங்கண்ணன் தூங்கலைன்னுதானே மேடம் சொல்றீங்க?"

"தூங்கல," என்றார் தராசம்மா.

அவள் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். சந்தோஷத்தில் அழுதாள்.

தராசம்மா முதலாளி பக்கம் திரும்பினார். "குளத்துல தெர்மாமீட்டர் மாட்டுற கூடு இருக்கு. உள்ள தெர்மாமீட்டரைக் காணோமே?"

"அது உடைஞ்சு ரொம்ப நாளாச்சு. வாங்கணும் வாங்கணும்னு... பாய்லர்காரன் விடிஞ்சதும் கையை விட்டுப் பார்த்து, சரியா இருந்தாத்தான் கதவைத் திறப்பான். அன்னிக்கு அவன் வர்றதுக்கு முன்னாடி பயில்வான் பூட்டில்லாத பின்வாசல் வழியா வந்துட்டார்."

"ஒரு தெர்மாமீட்டரும் ஒரு பூட்டும் இருந்திருந்தா ஒரு உயிர் இருந்திருக்கும்."

"என்னைக் குத்தம் சொல்றீங்களா? கொதிச்சே போச்சுன்னு நானா சொன்னேன்? போலீஸ் வந்ததும் அவனேதான் சொன்னான்! நான் தூங்கிட்டேன், தண்ணி கொதிச்சு வத்திப்போச்சு, என்னைக் கூட்டிட்டுப் போங்கன்னு கையை நீட்டினான்."

ஓட்டைவாயின் சிரிப்பு பாதியில் நின்றது.

"என்ன மேடம் இது? வருஷக்கணக்கா பாய்லர் முன்னாடி நிக்கிற மனுஷன். ஒரு ராத்திரியில நாப்பதாயிரம் லிட்டர் வத்தாதுன்னு நம்மளைவிட அவருக்கு நல்லாத் தெரியுமே?"

"தெரியும்," என்றார் தராசம்மா. "தெரிஞ்சே சொல்லியிருக்கார். வண்டியை எடு."

போலீஸ் ஸ்டேஷன் போகும் வழி முழுக்கத் தங்கை பின்சீட்டில் பேசிக்கொண்டே வந்தாள். அண்ணனுக்கு மாற்றுச் சட்டை எடுத்து வந்திருக்கலாம், பக்கத்து வீட்டில் விட்டு வந்த குழந்தைக்கு இன்றைக்கு மாமா வருவார் என்று சொல்லியிருக்கலாம் என்றெல்லாம். தராசம்மா ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தார். எரிந்த வீட்டைப் பார்த்தால் எங்கே முதல் பொறி விழுந்தது என்று அவரால் சொல்ல முடியும். அணைக்க ஒரு நாளும் முடிந்ததில்லை. அவர் போகும்போது எப்போதும் எல்லாம் எரிந்து முடிந்திருக்கும்.

ஸ்டேஷனில் பார்வையாளர் இரண்டு பேர்தான் என்றார் இன்ஸ்பெக்டர். தங்கை வெளி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தாள்.

பாய்லர்காரன் கம்பிக்கு அந்தப் பக்கம் எழுந்து நின்றான். நெற்றியில் பழைய தழும்பும் சிவந்த கண்ணுமாக இருந்தான்.

"உங்க தங்கச்சிதான் என்னை அனுப்பினாங்க," என்றார் தராசம்மா.

"எதுக்கும்மா அவளுக்கு இந்த வேலை? நான்தான் ஒத்துக்கிட்டேனே. தூங்கிட்டேன்."

"எத்தனை டன் விறகு எரிச்சீங்க?"

அவன் சட்டைக் கையால் நெற்றியைத் துடைத்தான்.

"கொட்டகை நிரம்பி வழியுது. அறிவிப்புக் காகிதம் உரியல. ஒரு டம்ளர் தண்ணியை வத்த வச்சேன். பாத்திரம் பூரா வெள்ளைக் கறை. நாப்பதாயிரம் லிட்டர் வத்தியிருந்தா அந்தச் சுவர்ல எவ்வளவு கறை ஏறியிருக்கும்? சுவர் கண்ணாடி மாதிரி இருக்கு. தேய்ச்சுக் கழுவின சுவர். தண்ணி வத்தல. தேய்க்கிறதுக்காக இறக்கியிருக்காங்க."

"மெதுவா பேசுங்க," என்றான் அவன். கம்பியை இறுகப் பிடித்தான். "மெதுவா பேசுங்கம்மா. அவ வெளியில இருக்கா."

ஓட்டைவாய்க்கு அப்போதுதான் விளங்கியது. வராந்தாப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

பாய்லர்காரன் கிட்டத்தட்ட கிசுகிசுத்தான். "தண்ணி அவ பாடு, தீ என் பாடு. அப்படித்தான் இத்தனை வருஷமும். வாரம் ஒரு நாள் சாயங்காலம் தண்ணியை இறக்குவா. இறங்க இறங்கக் கூடவே தேய்ச்சுக்கிட்டு வருவா, ஈரத்துலதான் களிம்பு போகும். முழங்காலளவுல இருக்கிற நீல ஓட்டு வரிசை வந்ததும் வடிகாலை மூடிட்டு, புதுத் தண்ணிக் குழாயைத் திறந்து விட்டுட்டு வீட்டுக்குப் போயிடுவா. ராத்திரி அது நிரம்பும். நான் பின்கட்டுல எரிச்சுக்கிட்டிருப்பேன். அவ திறந்தாளான்னு நான் பார்த்ததில்ல. நான் எரிச்சேனான்னு அவ பார்த்ததில்ல. கூடப் பொறந்தவ வேலையை எட்டிப் பார்த்தா சந்தேகப்படுற மாதிரி இருக்குமே."

"அன்னிக்கு?"

"குழந்தைக்குக் காய்ச்சல்னு போன் வந்துச்சு. வடிகாலை மூடினா. குழாயைத் திறக்காம ஓடிட்டா. சத்தம் கேட்டு நான் ஓடி வந்தப்ப குழாய் மூடியே இருக்கு. தேய்க்கிற பிரஷ் ஓரமா கெடக்கு. பார்த்ததும் புரிஞ்சுபோச்சு. பிரஷ்ஷை எடுத்து ஒளிச்சேன்."

"அவங்களுக்கு இது தெரியுமா?"

"தெரியாது! சத்தியமா தெரியாது. திறந்துட்டுத்தான் போனேன்னு நினைச்சுக்கிட்டிருக்கா. வாரா வாரம் திறந்த கைம்மா, அதுக்கு அது திறந்த மாதிரியேதான் இருக்கும்." அவன் கம்பி வழியே கையை நீட்டினான். "இந்தக் கணக்கை மறந்துடுங்க. எனக்குப் பின்னாடி யாரும் இல்ல. அவளுக்குக் குழந்தை இருக்கு. பயில்வான் அவளைத் தங்கம் தங்கம்னு கூப்பிடுவார். அவரைத் தான்தான் கொன்னோம்னு தெரிஞ்சா அவ உசிரோட இருக்க மாட்டா."

தராசம்மா நேராக இன்ஸ்பெக்டர் மேசைக்குப் போனார். கடைசியாக ஒரு கதவு மிச்சம் இருந்தது. அதையும் தட்டிப் பார்த்துவிட வேண்டும்.

"சார், உடைஞ்ச தெர்மாமீட்டரை மாத்தாம, கதவைப் பூட்டாம, ஆளுங்களோட கையை நம்பி ஒரு குளத்தை நடத்தியிருக்கார் முதலாளி. அவர்மேல கேஸ் வேண்டாமா?"

"எழுதிக்கறேன்," என்றார் இன்ஸ்பெக்டர். எழுதவில்லை. "மேடம், தெர்மாமீட்டர் உடைஞ்சதுக்கு யாரையும் உள்ள வைக்க முடியாது. செத்தவரோட மகனுங்க தினமும் வந்து நிக்கிறாங்க. எனக்கு ஒரு ஆள் வேணும். அவனே ஒத்துக்கிட்டான். ஒத்துக்கிட்டவன் இருக்கும்போது ஓடிப்போன தண்ணியை நான் ஏன் தேடணும்?"

எரிகிறதைப் பிடுங்கினால் கொதிக்கிறது அடங்கும் என்பார்கள். இங்கே எதைப் பிடுங்கினாலும் அடுத்த அடுப்பில் கொதிக்கும். சொன்னால் தங்கை உள்ளே. சொல்லாவிட்டால் அண்ணன் உள்ளே. தராசம்மா தன் வாழ்நாளில் போட்ட கணக்குகளிலேயே துல்லியமானது இது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. வராந்தாவுக்கு வந்தார்.

தங்கை எழுந்தாள். "என்ன மேடம் சொன்னார்? எப்ப விடுவாங்களாம்?"

தராசம்மா முதல் தடவையாகப் பொய் சொன்னார். "கணக்குல ஒரு தப்பு இருக்கும்மா. கொதிச்சுத்தான் போயிருக்கு. உங்கண்ணன் சொல்றதுதான் சரி."

அவள் புரியாமல் பார்த்தாள். பிறகு ஓட்டைவாயைப் பார்த்தாள். காலையிலிருந்து மூச்சுவிடாமல் பேசியவன். அவன் ஏதாவது சொல்வான் என்று காத்திருந்தாள். அவன் தன் செருப்பு வாரைக் குனிந்து சரிசெய்துகொண்டிருந்தான். வார் ஏற்கனவே சரியாகத்தான் இருந்தது.

"தம்பி?"

அவன் அடுத்த செருப்பின் வாருக்குப் போனான்.

"ஒரு டம்ளர் தண்ணிக்கு அவ்வளவு நேரம் ஆச்சே மேடம். நான்தானே அடுப்புப் பத்த வச்சேன். நான்தானே பக்கத்துல நின்னேன்." அவள் குரல் மெல்லக் குறைந்தது. "குளம் எப்படி ஒரே ராத்திரியில கொதிச்சுப் போகும்?"

உள்ளே போன் அடித்து ஓய்ந்தது.

"தண்ணி நீல ஓட்டுக்கிட்ட நிக்குது," என்றாள் அவள். தனக்குத்தானே பேசுகிற மாதிரி இருந்தது. "காலையில பார்த்தேன். பார்த்துட்டு, தேய்ச்ச வரைக்கும் இறங்கியிருக்கேன்னு... அன்னிக்குப் போன் வந்துச்சு. வடிகாலை மூடினேன். அப்புறம் குழாயை..." வலது கை தானாக உயர்ந்து, காற்றில் ஒரு குழாயைத் திருகுவதுபோலத் திரும்பியது. நின்றது. மறுபடி திருகிப் பார்த்தாள். "திறந்தேன்னுதான் நினைக்கிறேன். ஆனா அது அன்னிக்கா, அதுக்கு முந்தின வாரமா..."

"இல்லம்மா," என்றார் தராசம்மா. "நீ போய் பாப்பாவைப் பாரு. நாளைக்கு நல்ல வக்கீலா பிடிக்கிறேன். உங்கண்ணனுக்குக் கொஞ்ச நாள்தான் ஆகும்."

"அண்ணனுக்குத் தெரியுமா?"

தராசம்மாவால் இரண்டாவது பொய் சொல்ல முடியவில்லை. ஒரு பொய்க்கே பழக்கமில்லாத வாய்.

அவள் உள்ளே போனாள். தராசம்மா கையைப் பிடித்தார். அவள் உதறவில்லை, மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டு போனாள். அவளுடைய குரல் இன்ஸ்பெக்டர் மேசைப் பக்கமிருந்து சன்னமாகக் கேட்டது. அடுத்த நொடி கம்பிக்குப் பின்னாலிருந்து அண்ணன் கத்தினான். "பொய் சொல்றா சார்! பைத்தியம் மாதிரி உளர்றா! நான் தூங்கிட்டேன், நான்தான் தூங்கிட்டேன்!"

இன்ஸ்பெக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "மேடம், கொஞ்சம் இப்படி வாங்க. கொதிச்சுப் போச்சுங்கறான் ஒருத்தன். திறக்க மறந்துட்டேங்கறா ஒருத்தி. கணக்குப் போட்டவங்க நீங்க. எது நடந்துச்சு?"

பாய்லர்காரன் தராசம்மாவைப் பார்த்தான். பார்வையாலேயே காலில் விழுந்தான். தங்கையும் பார்த்தாள்.

"சொல்லுங்க மேடம். அண்ணனை வெளியில கொண்டுவரத்தானே உங்ககிட்ட வந்தேன்."

தராசம்மா சொன்னார். டம்ளரும் விறகும் சுவரும் எல்லாம் ஒரு நிமிடத்தில் முடிந்துவிட்டது. சொல்லும்போது அவர் கண் கலங்கி, கணக்கின் நடுவே ஓரிடத்தில் நின்று, எண்ணை விட்ட இடத்திலிருந்து மறுபடி எடுத்தார். ஓட்டைவாய் அவரை அப்படிப் பார்த்ததே இல்லை.

வெளியே வெயில் சாய்வதற்குள் வேலை முடிந்தது. தங்கையை உள்ளே வைத்தார்கள். பொய் வாக்குமூலத்துக்கு எச்சரித்துப் பாய்லர்காரனை வெளியே விட்டார்கள். பெல்ட்டையும் வாட்ச்சையும் கான்ஸ்டபிள் திருப்பிக் கொடுத்தார். அவன் வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.

"அண்ணே," என்றாள் அவள் கம்பிக்குப் பின்னாலிருந்து. "பக்கத்து வீட்ல நாலு மணிக்கு மேல வச்சுக்க மாட்டாங்க. அவங்க வேலைக்குப் போகணும். சீக்கிரம் போங்க. இருமல் மருந்து ஜன்னல் மேல இருக்கு. குடிக்க மாட்டேன்னு அடம் பிடிப்பா."

"போறேன்," என்றான் அவன். போகவில்லை.

"போங்கண்ணே. அழுதுக்கிட்டிருப்பா."

அவன் வராந்தாவுக்கு வந்தான். தராசம்மா படிக்கட்டின் ஓரத்தில் நின்றிருந்தார். ஓட்டைவாய் வண்டிக் கதவைத் திறந்து பிடித்திருந்தான். வீட்டில் இறக்கிவிடுகிறோம் என்று சைகை காட்டினான்.

பாய்லர்காரன் வண்டியைப் பார்க்கவில்லை. தராசம்மாவுக்கு எதிரே வந்து நின்றான். கோபம் இருந்திருந்தால் அவர் தாங்கியிருப்பார். அவன் நிஜமாகவே தெரியாமல் கேட்டான்.

"நான் கதவைத் திறந்ததும் குழந்தை ஓடி வந்து, அம்மா எங்கன்னு கேக்கும். எல்லாத்துக்கும் சரியான விடை வச்சிருக்கீங்களே, இதுக்கு நான் என்ன சொல்லட்டும் மேடம்?"

அவன் தராசம்மாவின் முகத்தையும் கையிலிருந்த வாட்ச்சையும் பார்த்துவிட்டு, நாலு மணி ஆகப் போகிறதே என்று நடக்க ஆரம்பித்தான்.